நீ கேட்ட கல்

சென்னை,
செப்டம்பர் 8, 2024

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் மாடி ஏறி இறங்கினாய் என்று பெருமையாக எழுதியிருந்தாய். அதற்கு மீனாட்சி என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதவில்லை. எழுதாமலே எனக்குத் தெரியும்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ கேட்ட கல்லை நான் கொண்டுவரவில்லை. "ஒரு துண்டு நுரைக்கல், ஒரு துண்டு கருங்கண்ணாடிக் கல், இரண்டும் சட்டைப்பைக்குள் அடங்கும்" என்று நீ எழுதிக் கொடுத்த சீட்டு ஐஸ்லாந்து முழுக்க என் சட்டைப்பையில்தான் இருந்தது. கல்தான் ஏறவில்லை. லாண்ட்மன்னலாய்கர் என்ற இடத்தில் கருங்கண்ணாடி காலில் இடறுகிறது. 1477 வாக்கில் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு. உடைந்த பக்கமெல்லாம் மழையில் நனைந்த தார் ரோடு போல மின்னுகிறது. ஒன்றை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன். அங்கே காவலுக்கு இருந்த பெண், நம் நித்யாவைவிடச் சின்னவள், சிரித்துக்கொண்டே "பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்" என்றாள். அந்தப் பகுதி 1979 முதல் இயற்கைக் காப்பகம். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் அடுத்தவர் பணத்தை எண்ணி எண்ணி வைத்த கை இது. வைத்துவிட்டேன்.

கல்லுக்குப் பதில் கதை தருகிறேன். பொறுத்துக்கொள்.

நித்யா கோபன்ஹேகனிலிருந்து எல்லா ஏற்பாடும் செய்திருந்தாள். ரேக்யாவிக்கில் ஒரு டொயோட்டா லேண்ட் குரூசரை வாடகைக்கு எடுத்தோம். உள்நாட்டு மலைச் சாலைகளுக்கு எண்ணுக்கு முன்னால் 'எஃப்' என்று எழுத்துப் போடுகிறார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் அவற்றில் இறங்குவது சட்டப்படி குற்றம். பனி உருகி வழி காய ஜூன் கடைசி, சில வழிகளுக்கு ஜூலையும் ஆகிவிடும். செப்டம்பரோடு பருவம் முடிகிறது. வண்டி கொடுத்த பையன் எங்களை உட்காரவைத்து அரை மணி நேரம் பாடம் நடத்தினான். ஆற்றில் இறங்கி எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் காப்பீடு கிடையாது. காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டு போனாலும் கிடையாது. அதனால் கதவைத் திறக்கும்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளவேண்டும். கமலா என் காதில், "இவன் வண்டி வாடகைக்குக் கொடுக்கிறானா, பெண் கொடுக்கிறானா?" என்றாள்.

நானும் ஓட்டினேன். சர்வதேச அனுமதி வாங்கிப் போயிருந்தேன். இடப்பக்கம் உட்கார்ந்து வலப்பக்கமாகப் போகவேண்டும். அது ஒரு நாளில் பழகிவிட்டது. ஆனால் திரும்பும்போதெல்லாம் கை பழக்கத்தில் வலப்பக்கக் குச்சியைத் தட்ட, வெயிலில் வைப்பர் ஓடும். எட்டு நாளும் ஓடியது. எதிரில் வந்தவர்கள் நல்லவர்கள், யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

லாண்ட்மன்னலாய்கரின் மலைகளைப் பற்றி நான் எழுதினால் நிலவியல் வாத்தியார் நீ திருத்துவாய். ரையோலைட் என்ற எரிமலைப் பாறை என்கிறார்கள். மஞ்சள், செங்கல் சிவப்பு, இடையில் திருநீறு பூசியதுபோல் பட்டை. வெந்நீர் ஊற்றும் தண்ணீர் ஊற்றும் கலக்கும் இடத்தில் இடுப்பளவு நீரில் ஒரு மணி நேரம் கிடந்தேன். அழகுதான். ஆனால் கூட்டமும் அதிகம். இந்த ஆண்டிலிருந்து வண்டி நிறுத்தவே முன்பதிவு வேண்டும். என் மனசு நின்ற இடம் அதுவல்ல.

அடுத்த நாள் ஸ்ப்ரெங்கிசாண்டுர் வழியாக வடக்கே போனோம். எஃப் 26. இரண்டு பெரிய பனிப்பாறைகளுக்கு நடுவே, சுமார் 200 கிலோமீட்டர் கறுப்பு மணலும் கல்லும். பெட்ரோல் கிடையாது, கடை கிடையாது, மரம் என்ற பேச்சே கிடையாது. அந்தப் பெயருக்குக் காரணம் சொன்னார்கள்: அந்தக் காலத்தில் குதிரையில் கடப்பவர்கள் புல் உள்ள இடத்தை எட்டுவதற்காகக் குதிரை மூச்சு வெடிக்கும் அளவுக்கு விரட்டுவார்களாம். நாங்கள் மணிக்கு முப்பதில் போனோம். சாலை சலவைப் பலகை மாதிரி வரிவரியாக இருக்கிறது. அதற்கு மேல் போனால் பல் ஆடுகிறது. மூன்று மணி நேரத்தில் எதிரே வந்தவை ஐந்து வண்டிகள். ஒவ்வொருவரும் கை தூக்கிவிட்டுப் போனார்கள். அந்தக் கை தூக்கலுக்காக நான் காத்திருக்க ஆரம்பித்ததைக் கமலா கவனித்துவிட்டாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நீதாலூர் விடுதிப் பக்கம் ஆறு குறுக்கிட்டது. பாலம் கிடையாது. பனிப்பாறையிலிருந்து இறங்கும் தண்ணீர், காப்பியில் பால் குறைந்த நிறம், அடி தெரியவில்லை. நம் ஊரில் ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அங்கே விதி தலைகீழ்: ஆழம் தெரியவேண்டுமென்றால் காலை விட்டே ஆகவேண்டும். நீ நடந்து கடக்கத் துணியாத ஆற்றில் வண்டியை இறக்காதே என்பதுதான் அவர்களுடைய முதல் பாடம். நான் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, பிடிப்புக்கு ஒரு கம்பையும் ஊன்றிக்கொண்டு இறங்கினேன். குளிர் என்று சொல்லமுடியாது. கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. பத்து அடி போனதும் தண்ணீர் முழங்காலைத் தாண்டியது, அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டது. உன் முழங்காலை நினைத்துக்கொண்டேன், சத்தியமாக.

எங்களுக்கு முன்னால் ஒரு வாடகை ஜீப் நடு ஆற்றில் நின்றுபோயிருந்தது. இரண்டு பேர் கூரைமேல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது ஆறு குறுகலாக, சலனமில்லாமல் ஓடிய இடம். பார்வைக்கு அதுதான் சாது. ஆனால் குறுகினால் ஆழம். அகன்று, சலசலவென்று அலையடித்துக்கொண்டு ஓடும் இடம்தான் ஆழம் குறைவு. வாய் ஓயாமல் பேசும் என்னையும், வாயே திறக்காத நம் விடுதி வார்டனையும் வைத்து நீ ஒருகாலத்தில் இதையே சொல்லியிருக்கிறாய். அரை மணி நேரத்தில் பெரிய சக்கர வண்டியொன்று வந்து கம்பிவடத்தால் அவர்களை இழுத்துக் கரைசேர்த்தது.

நான் போய்ப் பார்க்கலாம் என்றேன். இன்னும் அகலமான இடம் மேலே இருக்கிறது, வண்டி கனமானது, முதல் கியரில் மெதுவாக... இப்படியே பேசிக்கொண்டிருந்தேன். விடுதிக் காவலர் மறுத்துப் பேசவே இல்லை. கைக்கடிகாரத்தைக் காட்டி, "காலை ஆறு மணிக்கு இது வேறு ஆறு" என்றார், அவ்வளவுதான். பகல் முழுக்க வெயிலில் பனி உருகி மாலையில் ஆறு ஏறும். இரவுக் குளிரில் உருகுவது குறைந்து விடியலில் இறங்கும். இவ்வளவு எளிய கணக்கு. அன்று விடுதியில் மர அடுக்குப் படுக்கையில், அறையில் இன்னும் எட்டுப் பேருடன், கமலா கொண்டுவந்த புளிக்காய்ச்சலைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுப் படுத்தோம். ஒரு பிரெஞ்சுக்காரர் கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தார்.

காலையில் போய்ப் பார்த்தால் நேற்று என் முழங்காலைத் தாண்டிய இடத்தில் கெண்டைக்காலுக்குத்தான் தண்ணீர். நித்யா ஓட்டினாள். கீழ் கியர், நடுவில் கியர் மாற்றாமல், ஓட்டத்தோடு சற்றே சாய்வாக, நடக்கும் வேகத்தில். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அக்கரையில் கமலா, "இதற்காகவா ராத்திரி முழுக்கப் புரண்டீர்கள்?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

வடக்கே மீவாட்ன் ஏரிக்கரையில் ஒரு நாள் ஓய்வு. பூச்சி ஏரி என்று பொருளாம். பெயருக்கு ஏற்றபடி கொசு போன்ற சிறு பூச்சிகள், கடிப்பதைவிட மூக்குக்குள் போவதுதான் அதிகம். சூடான மண்ணுக்குள் புதைத்து வேகவைக்கும் கரும்பழுப்பு நிறத்து இனிப்பு ரொட்டி அங்கே கிடைக்கிறது. அங்கிருந்து எஃப் 88 பிடித்து அஸ்க்யாவுக்கு. நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நான்கு மணி நேரம். பாதி வழி ஓதாதாஹ்ராய்ன் என்ற லாவா வெளி. தீச்செயல்களின் லாவா என்று பொருளாம். சட்டத்துக்குப் புறம்பானவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குற்றவாளிகள் ஒளிந்த இடம். 18-ஆம் நூற்றாண்டில் ஐவிண்டுர் என்ற ஒருவன் அங்கே ஓர் ஊற்றங்கரையில் கல் குடிசைக்குள் ஒரு குளிர்காலம் முழுவதும் பச்சைக் குதிரை இறைச்சியும் கிழங்கும் தின்று கிடந்தான் என்று கதை. குடிசையின் மிச்சத்தைப் பார்த்தேன். உன் வீட்டுக் கோழிக்கூண்டு இதைவிடப் பெரிது.

அந்த வெளியில் சாலையைவிட்டு ஓரடி விலகி ஓட்டக்கூடாது. ஓட்டினால் கடும் அபராதம். பாசியும் மணலும் ஒரு முறை கிழிந்தால் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகுமாம். காவலர்கள் வாறுகோல் வைத்து, யாரோ விட்டுப்போன சக்கரத் தடத்தை வீட்டு வாசல் பெருக்குவதுபோல அழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அஸ்க்யா உனக்கானது. நீ வரவேண்டிய இடத்துக்கு நான் போய்விட்டேன் என்ற உறுத்தல் அங்கே நிற்கும்போதே இருந்தது. 1875 மார்ச் மாதம் வெடித்து, கிழக்கே பண்ணைகளின்மேல் சாம்பலைக் கொட்டி, ஆயிரக்கணக்கானோரைக் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேற்றிய துயரத்தில் பங்கு வகித்த மலை. வெடித்த பின் தரை உள்வாங்கி ஏரியானது. ஆழம் சுமார் 220 மீட்டர். வண்டியை நிறுத்திவிட்டு ஆகஸ்டிலும் கிடந்த பனியில் இரண்டரை கிலோமீட்டர் நடந்தால் அந்த ஏரி, அதன் ஓரத்தில் பால் கலந்த நீலத்தில் வீத்தி என்ற சின்னப் பள்ளம். வீத்தி என்றால் நரகம். கந்தக வாடை.

1907-இல் வால்டர் ஃபான் க்னேபல் என்ற ஜெர்மன் நிலவியலாளரும் மாக்ஸ் ருட்லாஃப் என்ற ஓவியரும் அந்த ஏரியில் படகில் போனார்கள். திரும்பவில்லை. உடல் இல்லை, படகு இல்லை. மறு வருஷம் க்னேபலுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண், ஈனா ஃபான் கிரும்ப்கோவ், குதிரையில் அந்தப் பாலைவனத்தைக் கடந்து தேடி வந்தாள். துணைக்கு வந்தவர் ஹான்ஸ் ரெக் என்ற இன்னொரு நிலவியலாளர். எதுவும் கிடைக்கவில்லை, கரையில் கற்களை அடுக்கி ஒரு நினைவுக் குவியல் வைத்துவிட்டுப் போனார்கள். நாலு வருஷம் கழித்து அவளும் ரெக்கும் திருமணம் செய்துகொண்டார்கள். பின்னாளில் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் மனித எலும்புக்கூடு கண்டெடுத்த அதே ரெக்தான். நீ வகுப்பில் அவர் பெயரைச் சொல்லியிருப்பாய். இந்தப் பெண்ணைச் சொல்லியிருக்கமாட்டாய். காற்று என்னைத் தள்ளிக்கொண்டிருந்த அந்தக் கரையில், நான் யோசித்ததெல்லாம் அவள் எந்தக் கல்லை முதலில் வைத்திருப்பாள் என்றுதான்.

இன்னொன்று. சந்திரனுக்குப் போவதற்கு முன் அப்பல்லோ விண்வெளி வீரர்களை 1965-இலும் 1967-இலும் அந்தப் பக்கம்தான் நிலவியல் பயிற்சிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் முறை ஆர்ம்ஸ்ட்ராங்கும் வந்தார். நித்யா இதைப் பெரிதாகச் சொன்னாள். "எங்கள் சுந்தரம் மாமா ஊர்ப் பக்கம் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்துத்தான் சந்திரயான்-2-க்கு நிலா மண் செய்தார்கள், தெரியுமா?" என்றேன். நீ நூறு தடவை சொன்னது ஒரு தடவையாவது எனக்குப் பயன்பட்டது.

இன்னும் தெற்கே ஹோலுஹ்ராய்ன். 2014 ஆகஸ்ட் கடைசியில் நிலம் பிளந்து 2015 பிப்ரவரி 27 வரை வழிந்த குழம்பு, சுமார் 85 சதுர கிலோமீட்டர். பழைய சென்னை மாநகராட்சியில் பாதி. பனிப்பாறைக்கு அடியில் இருக்கும் எரிமலையிலிருந்து குழம்பு நாற்பது கிலோமீட்டருக்குமேல் நிலத்துக்குள்ளேயே பயணம் செய்து அங்கே வந்து வாய் திறந்ததாம். மேலே ஏறி நின்றேன். கால் வைத்த இடமெல்லாம் கண்ணாடி உடைவதுபோல் நொறுங்குகிறது. ஏற்காட்டுப் பாறையைத் தட்டித் தட்டி "250 கோடி வருஷம், 250 கோடி வருஷம்" என்று நீ சொல்லுவாயே, அந்தக் கணக்கில் வளர்ந்தவன் நான். நான் நின்ற பாறை உன் பேரனைவிட ஒரு வயது சின்னது. எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது, குழந்தையை மிதித்ததுபோல.

ஆகஸ்ட் 19 அன்று ஐஸ்லாந்தைவிட்டுக் கிளம்பினோம். 22-ஆம் தேதி இரவு விமான நிலையம் இருக்கும் அந்தத் தீபகற்பத்திலேயே எரிமலை வெடித்தது. தொலைக்காட்சியில் பார்த்துக் கமலா "நல்லவேளை" என்றாள், நான் "அடடா" என்றேன். ஒரே நேரத்தில்.

இங்கே வேறு புதிதாக ஒன்றுமில்லை. என் ரத்த அழுத்தம் மலையில் இறங்கி, மாம்பலத்தில் ஏறியிருக்கிறது. தீபாவளிக்கு முன் சேலம் வரலாம் என்று பார்க்கிறேன். ரயிலில்தான், காரில் வரக் கமலா விடமாட்டாள்.

கடைசியாக. நேற்று வராந்தாவில் உட்கார்ந்து விளக்குமாற்றுக் குச்சியால் நடைக்காலணியின் அடித்தடங்களைக் குடைந்துகொண்டிருந்தபோது, ஒரு பள்ளத்திலிருந்து வெளிர் நிறத்தில் ஒன்று விழுந்தது. கடுகளவு. நகத்தால் அழுத்தினால் நொறுங்கும்போல் இருக்கிறது. இதை நான் எடுக்கவில்லை, அதுவாக ஏறி வந்தது. அந்தக் காவல் பெண்ணிடம் இதைச் சொல்லி நிற்க எனக்குத் தைரியம் உண்டு. வெளிர் நிறமாக இருப்பதால் 1875-இல் அஸ்க்யா கக்கிய நுரைக்கல் என்பது என் ஊகம். இந்தக் காகிதத்தின் அடியில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு எழுது. தபால் நிலையத்தில் முத்திரையை இந்த மூலையில் குத்தாமல் இருக்கவேண்டும்.

உன்,
ராமு