லாரி பேக்கரை நினைவுகூர்ந்த ஆண்டு: கிருஷ்ணகிரி மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவிற்கு வருகை தந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவின்படி, நம் மன்றம் இவ்வாண்டின் நிகழ்வுகள் அனைத்தையும் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் நினைவுக்கு ஒதுக்கியது. ஆகவே இந்த அறிக்கையும் அவரைச் சுற்றியே அமைகிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்க இருப்பதால் அதற்குள் நான் செல்லவில்லை.

தம் பணியின் பெரும்பகுதியைக் கேரளத்தில் செய்த ஒருவரைக் கிருஷ்ணகிரியில் நினைவுகூர வேண்டிய தேவை என்ன என்று சில உறுப்பினர்கள் அன்றே கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. கல்லும் செம்மண்ணும் மாமரமும் நிறைந்த இந்த மாவட்டத்தில், நம் கண்முன்னே பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு, அவை நின்ற இடத்தில் மே மாதத்தில் உள்ளே உட்கார முடியாத வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. கையில் இருக்கும் பொருளையும் நிற்கும் மரத்தையும் வேலை செய்யும் கொத்தனாரையும் மதித்தால் குறைந்த செலவில் அழகாகவும் குளுமையாகவும் கட்ட முடியும் என்பதை வாழ்நாள் முழுவதும் கட்டிக் காட்டியவர் பேக்கர். அவரை நினைக்க நமக்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அவருடைய பிறந்த நாளான மார்ச் 2 அன்று முதல் கூட்டம் நடந்தது. அவர் வரைந்த கோட்டோவியங்கள், கேலிச்சித்திரங்கள் ஆகியவற்றின் படிகளைச் சுவர் முழுவதும் ஒட்டியிருந்தோம். கூட்டத்தில் பகிரப்பட்ட வாழ்க்கைக் குறிப்பை, அன்று வர இயலாதவர்களுக்காகச் சுருக்கமாகத் தருகிறேன். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்த அவர், அங்கேயே கட்டடக் கலை பயின்றார். போரை ஏற்காத கிறித்தவப் பிரிவான குவேக்கர் நெறியைத் தழுவியவர் ஆதலால் இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, மருத்துவ உதவிப் படையில் சேர்ந்து சீனா சென்று, அங்கே தொழுநோயாளிகளிடையே பணியாற்றினார். உடல்நலம் குன்றி ஊர் திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். கழிவுத் துணியைக் கொண்டு தாமே செய்து பேக்கர் அணிந்திருந்த காலணி காந்தியடிகளின் கண்ணில் பட்டது என்பதும், ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் அது கட்டப்படும் இடத்தைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைப்பனவாக இருக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் எண்ணத்தைப் பேக்கர் கடைசிவரை எடுத்துச் சொல்லி வந்தார் என்பதும் பலரும் அறிந்த செய்திகள். 1945இல் இந்தியாவுக்குத் திரும்பி வந்து, தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த பழைய இல்லங்களை முறையான மருத்துவமனைகளாக மாற்றும் பணியில் ஈடுபட்டார். 1948இல் மருத்துவர் எலிசபெத்தை மணந்தார். இருவரும் இமயமலைப் பகுதியில் பித்தோராகருக்கு அருகே மலைமக்களுக்காக மருத்துவமனை நடத்தி ஏறத்தாழ 16 ஆண்டுகள் வாழ்ந்தனர். பின்னர் கேரளத்தில் வாகமண்ணிலும், அதன் பிறகு திருவனந்தபுரத்திலும் குடியேறினர். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்ற பேக்கர், 2007 ஏப்ரல் 1 அன்று, தமது 90ஆம் வயதில், திருவனந்தபுரத்தில் காலமானார்.

இந்த வாழ்க்கையில் எல்லோரும் திருவனந்தபுரக் கட்டடங்களைத்தான் பேசுகிறார்கள். எனக்கோ அந்த மலை வாழ்க்கையே அடித்தளமாகத் தோன்றுகிறது. பர்மிங்காமில் கற்ற பாடம் அந்த மலைச்சரிவில் செல்லுபடியாகவில்லை. பனி, அடைமழை, கறையான் ஆகிய மூன்றையும் தாங்கி நிற்கும் வீட்டைப் படிக்காத மலைவாசி கல்லாலும் மரத்தாலும் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, பட்டம் பெற்றவர் அவரிடம் மாணவராக உட்கார்ந்தார். கூட்டத்தில் இதைப் பேசும்போது அரூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த உறுப்பினர் ஒருவர், தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங்கியில் ஒரு மருத்துவத் தம்பதியர் 1993இல் கூரைக் குடிசையில் தொடங்கிய பழங்குடி மருத்துவமனையை நினைவூட்டினார். பேக்கர், எலிசபெத் தம்பதியரின் மலை வாழ்க்கை அவையோருக்கு அந்த நொடியில் பக்கத்து ஊர்ச் செய்தியாகிவிட்டது.

அடுத்து, பழைய வீடுகளை வரையும் நிகழ்வுகளைப் பழையபேட்டையிலும் காவேரிப்பட்டணத்துச் சுற்றுவட்டாரத்திலும் நடத்தினோம். பேக்கர் தாம் போன ஊர்களில் எல்லாம் வீடுகளைக் கையால் வரைந்து வரைந்தே கற்றவர் என்பதால், புகைப்படம் எடுக்காமல் பென்சிலால் மட்டுமே வரைவது என்று முடிவு செய்திருந்தோம். பள்ளி மாணவர்கள் முதலில் முகம் சுளித்தாலும் சற்று நேரத்தில் திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வீட்டின் கொல்லைக் கதவில் கீல் இல்லாததை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திதான் கண்டாள். கதவுப் பலகையிலேயே மேலும் கீழும் செதுக்கிய குடுமி, நிலையின் குழியில் உட்கார்ந்து சுழல்கிறது. அடிக் குழி தேய்ந்து வழவழப்பாக இருந்தது. பேக்கர் தம் வீடுகளில் வைத்த மிக எளிய சன்னலும் இதே அமைப்புதான்: ஒரே பலகை, மேலே ஒரு குழி, கீழே ஒரு குழி, சட்டமும் கீலும் வேண்டாம். சன்னலும் கதவும் சுவரைவிடப் பல மடங்கு செலவு வைப்பவை என்பதால் அவர் இதில் அத்தனை அக்கறை காட்டினார். அந்த வீட்டுப் பாட்டி, 'எங்க மாமனார் காலத்துக் கதவு, இன்னும் ஒரு சத்தம் போடாது கண்ணு' என்றார்.

மல்லசந்திரம் மலைக்கும் ஒரு காலைப் பொழுதில் சென்றுவந்தோம். அங்குள்ள கல்திட்டைகளை, அதாவது கற்பலகைகளால் ஆன பழங்கால ஈமச்சின்னங்களைப் பற்றி நம் மன்றத்தில் முன்பே விரிவாகப் பேசியிருப்பதால் இங்கே நீட்டவில்லை. காலடியில் கிடந்த பாறையைப் பலகையாகப் பெயர்த்து, அங்கேயே நிறுத்தி, அங்கேயே மூடிய அந்தப் பெருங்கற்கால மக்களுக்கு ஐந்து மைல்கூடத் தேவைப்படவில்லை என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

திருவனந்தபுரப் பயணம் இவ்வாண்டின் முதன்மை நிகழ்வு. அந்நகரின் உள்ளூர் என்னும் பகுதியில் அமைந்துள்ள வளர்ச்சி ஆய்வு மையம், பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் முன்னின்று 1970களின் தொடக்கத்தில் தொடங்கிய நிறுவனம். அதன் கட்டடங்களைப் பேக்கர் சரிவான நிலத்தில், நிலத்தைச் சமன் செய்யாமல், மரங்களைக் கூடியவரை விட்டுவைத்து, மரங்களுக்கு இடையே வளைந்து வளைந்து கட்டினார். சுவர்களுக்குப் பூச்சு கிடையாது. செங்கல்லை விட்டுவிட்டு அடுக்கிய ஜாலிச் சுவர்களே பல இடங்களில் சன்னலின் வேலையைச் செய்கின்றன. வெயில் கொளுத்திய நண்பகலில் அப்படியொரு சுவரின் உட்புறம் நின்றோம். தரையில் சிறுசிறு சதுரங்களாக வெளிச்சம் விழுந்திருந்தது, காற்று வந்துகொண்டிருந்தது, கண் கூசவில்லை. எங்களுடன் வந்திருந்த இளம் கொத்தனார் ஒருவர் பேசாமல் சுவரருகே சென்று, துளைகளுக்குள் விரல்களை விட்டு இடைவெளியை அளந்து, அதைத் தம் கைப்பேசி உறையின் பின்புறத்தில் குறித்துக்கொண்டார். அந்தப் பயணத்தின் பயனைக் கேட்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

தம்பானூர் பேருந்து நிலையத்தை ஒட்டியுள்ள இந்தியன் காபி ஹவுஸ் உங்களில் பலர் காபி குடித்த இடம்தான். பேக்கர் செந்நிறச் செங்கல்லால் கட்டிய அந்த உருளைக் கட்டடத்தில் தனித்தனி மாடிகள் இல்லை. தரையே சுழன்று சுழன்று மேலேறுகிறது. மேசையும் இருக்கையும் அந்தச் சரிவோடு சேர்த்தே கட்டப்பட்டவை. இடம் குறுகலாக இருப்பதையே வடிவமாக மாற்றிய அந்தத் துணிவை, மனையின் அளவைச் சொல்லி அலுத்துக்கொள்ளும் நாம் கவனிக்க வேண்டும். நாலாஞ்சிறாவில் பாறைச் சரிவின் மேல் அவர் தமக்காகக் கட்டிக்கொண்ட வீட்டில், இடித்த பழைய வீடுகளின் கதவும் மரமும், உடைந்த ஓட்டுத் துண்டும், வண்ணப் புட்டிகளும் சுவரோடு சுவராகச் சேர்ந்துள்ளன. கலை என்பது கட்டி முடித்த பின் வாங்கி மாட்டும் பொருள் அன்று என்று அவர் நினைத்தார். சித்திரம் வரையும் கை, செங்கல் அடுக்கும் கை, மரத்தை வெட்டாமல் விடும் கை மூன்றும் அவரிடம் ஒரே கையாக இருந்தன. பூந்துறை மீனவர்களுக்குக் கட்டியபோதும் பேராசிரியர்களுக்குக் கட்டியபோதும் அவர் ஒரே கவனத்தோடு கட்டினார். ஏழைக்கு ஒரு கட்டடக் கலை, பணக்காரருக்கு ஒன்று என்று அவர் பிரிக்கவில்லை.

பயணத்தின் தொடர்ச்சியாக, நம் படிப்பகத்திற்கு மேற்குப் பக்கம் ஓர் அறை கட்டும் பணியைத் தொடங்கினோம். மாலை வெயில் நேராக அடிக்கும் அந்தச் சுவரை, பேக்கர் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு முறையில் எழுப்புவதென்று முடிவாயிற்று. வழக்கமாகப் படுக்கவைக்கும் செங்கல்லை இதில் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்கிறார்கள். ஒன்பது அங்குலச் சுவரில் வெளிப்புறம் மூன்று அங்குலம் செங்கல், உட்புறம் மூன்று அங்குலம் செங்கல், நடுவே மூன்று அங்குலம் வெற்றிடம். இடையிடையே ஒரு செங்கல் குறுக்காக நின்று இரண்டு பக்கத்தையும் பிணைக்கிறது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகிறது, கலவையும் குறைகிறது, நடுவில் அடைபட்ட காற்று வெளியிலுள்ள சூட்டை உள்ளே விடாமல் தடுக்கிறது. 'உள்ள காலியா வுட்டா பாரம் எப்படிங்க தாங்கும்?' என்று மேஸ்திரி தயங்கினார். அவரை வற்புறுத்தாமல், சோதனைக்காக முற்றத்தில் இடுப்பளவு உயரச் சுவர் ஒன்றைக் கட்டச் சொன்னோம். மறுவாரம் அவரே தம் ஆட்களுடன் அதன்மேல் ஏறி நின்று பார்த்துவிட்டு, மூலைகளிலும் நிலை, சன்னல் ஓரங்களிலும் வெற்றிடம் விடாமல் அடைத்துக் கட்டலாம் என்று ஒத்துக்கொண்டார். ஏட்டில் உள்ள முறையும் அதுவே.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த முறைக்கு ஒரே அளவாக, நன்றாக வெந்த செங்கல் வேண்டும். நம் பகுதிச் சூளைச் செங்கல் கோணல்மாணலாக இருப்பதால், பூசாத சுவருக்கு அவற்றைப் பொறுக்கி எடுக்கும் வேலை சித்தாள் பெண்களின் தலையில் விழுந்தது. முகம் நன்றாக இருப்பதை வெளிப்புறத்திற்கும் மற்றதை உட்புறத்திற்கும் என்று அவர்கள் பிரித்த நேர்த்தியால்தான் இன்று அந்தச் சுவர் பார்க்கும்படி நிற்கிறது. அவர்களுக்கு அதற்கெனத் தனிக் கூலி வழங்கச் செயற்குழு ஒப்புதல் அளித்தது.

மேல்தளத்திற்கு, இடிக்கப்பட்ட ஒரு வீட்டிலிருந்து உறுப்பினர் ஒருவர் தந்த பழைய மங்களூர் ஓடுகளைப் பயன்படுத்தினோம். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. அங்குள்ள கான்கிரீட் பெரும்பாலும் வெறும் சுமை. அந்த இடத்தில் இரண்டிரண்டு ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டால் சிமெண்டும் எடையும் குறைகின்றன. ஓடுகளை முதல் நாளே நீரில் ஊறப் போட்டோம். கம்பி இடைவெளியைப் பொறியாளரான நம் உறுப்பினர் கணக்கிட்டுத் தந்தார். அந்தக் கணக்கு இல்லாமல் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சென்ட்ரிங் பிரித்த அன்று அண்ணாந்து பார்த்தவர்கள், விட்டத்தில் வரிசையாகத் தெரிந்த ஓட்டின் சிவப்பைப் பார்த்து மகிழ்ந்தார்கள். மனையின் மூலையில் நின்ற புங்கமரத்திற்காக அறையின் ஒரு மூலை உள்வாங்கிக் கட்டப்பட்டுள்ளது. அதனால் ஓர் அலமாரிக்கு இடம் போயிற்று என்ற வருத்தம் நூலகப் பொறுப்பாளருக்கு உண்டு. மரம் இருப்பதே சரி என்று நான் கருதுகிறேன். தரை வேலையும் கதவும் இன்னும் பாக்கி இருக்கின்றன.

பேக்கர் பிற்காலத்தில் செங்கல்லைப் பற்றியே கவலைப்பட்டார். சூளையில் எரியும் விறகையும், சிமெண்டும் இரும்பும் செய்ய ஆகும் எரிபொருளையும் எண்ணி, மண் சுவரை மேலும் மேலும் பரிந்துரைத்தார். மண் வீடு வறுமையின் அடையாளம் என்று நம்மிடையே ஊறிப்போன எண்ணம் இதற்குப் பெரிய தடை. ஓசூர் நெடுஞ்சாலையின் இருபுறமும் கண்ணாடி முகப்போடு எழும்பும் கட்டடங்கள் பகலெல்லாம் குளிரூட்டியை நம்பி நிற்பதைப் பார்க்கும்போது, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மண் சுவர் வீடுகளைக் கட்டத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு ஏற்படுகிறது. 1985இல் கேரளத்தின் முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனன், கே. என். ராஜ் ஆகியோருடன் சேர்ந்து பேக்கர் உருவாக்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பு, கொத்தனார்களுக்கு இத்தகைய முறைகளில் பயிற்சி அளித்து வந்துள்ளது. நம் பகுதிக் கொத்தனார்கள் சிலரை அப்படியொரு பயிற்சிக்கு அனுப்ப இயலுமா என்று விசாரித்து வருகிறோம்.

ஆகவே வரும் ஆண்டில் மேற்கு அறையை முடிப்பது, மண் சுவர், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றில் கைதேர்ந்த முதிய மேஸ்திரிகளின் அனுபவங்களைப் பதிவு செய்வது, மாணவர்கள் வரைந்த ஓவியங்களைப் புதிய அறையில் காட்சிக்கு வைப்பது ஆகிய மூன்று பணிகளையும் செயற்குழு முன்மொழிகிறது. ஓடு தந்தவர்க்கும், கணக்கிட்டுத் தந்தவர்க்கும், மேஸ்திரிக்கும், கொத்தனார்களுக்கும், சித்தாள் பெண்களுக்கும், பிள்ளைகளை அனுப்பிவைத்த ஆசிரியர்களுக்கும், வீட்டைத் திறந்துவிட்ட பாட்டிக்கும் மன்றத்தின் நன்றியைத் தெரிவித்து, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்