குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வண்டி நிறுத்தும் இடத் தகராறு பேசித் தீர்ந்தது. மாடிப்படி விளக்குகள் மாற்றப்பட்டன. இந்த ஆண்டு மீதிப் பேச்செல்லாம் வெந்நீரைப் பற்றித்தான், அதனால் அறிக்கையும் அப்படியே.

புகார்ப் பதிவேட்டில் அடிக்கடி வந்த வரி: "வெந்நீர் நூல் மாதிரி வருகிறது, பிரஷர் பம்ப் வேண்டும்." பம்ப் கேட்டவர்களிடம் செயற்குழு முதலில் கேட்டது, அதே குழாயில் பச்சைத்தண்ணீர் நன்றாக வருகிறதா என்பதை. நன்றாக வந்தால் மேல்நிலைத் தொட்டியைக் குறை சொல்ல முடியாது. கீசருக்குப் பிரியும் இடத்துக்கு அப்புறம்தான் எங்கோ அடைப்பு. பம்ப் போட்டாலும் அடைப்பு அப்படியேதான் இருக்கும்.

இரண்டு தண்ணீருமே மெலிந்து வந்தால் விஷயம் வேறு. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். தொட்டியின் நீர்மட்டம் ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார்தான். மேல்மாடிக்காரர்களின் குறை நியாயமானது. ஆனால் பொதுக் குழாயில் ஆளுக்கொரு பம்ப் மாட்டினால் பக்கத்து வீட்டுத் தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். அதனால் அனுமதியில்லாமல் பம்ப் போடக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. சிலருக்கு இதில் வருத்தம்தான்.

ஒரே ஒரு குழாயில் மட்டும் குறை என்றால் பெரும்பாலும் பிளம்பரே தேவையில்லை. குழாய் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றி உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு விழுந்தால் உப்பு. வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். கறுப்பு ரப்பர் துணுக்கு விழுந்தால் கீசரின் இணைப்புக் குழாய் உள்ளே உரிகிறது, மாற்றிவிட வேண்டியதுதான். வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து தரும் மிக்சர் குழாய்க்குள், மரையில் கசிவைத் தடுக்கச் சுற்றும் டெஃப்லான் டேப்பின் பிசிறு சிக்கியிருந்ததும் உண்டு.

வீடு முழுக்க வெந்நீர் குறைந்தால் கீசருக்குப் போகும் வால்விலிருந்து பார்த்து வர வேண்டும். ஒரு வீட்டில் புதுக் கீசரே வாங்கி மாட்டிவிட்டார்கள், பலனில்லை. பிளம்பர் பழைய கேட் வால்வைக் கழற்றினார். உள்ளே ஒரு தகடு ஏறி இறங்கி வழியைத் திறந்து மூடும் வால்வு அது. கைப்பிடி சுற்றியது, தண்டும் சுற்றியது; தகடு மட்டும் தண்டிலிருந்து கழன்று பாதி வழியை மறித்துக்கொண்டு நின்றது. வெளியே பார்த்தால் வால்வு முழுசாகத் திறந்த மாதிரியே இருக்கும். கழற்றிய பழைய கீசரில் ஒரு குறையும் இல்லை.

நம் தண்ணீர் உப்புத்தண்ணீர். சூடாக்கும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து படிகிறது. சூடு கூடக் கூடப் படிவதும் வேகமாகும். அதனால்தான் பச்சைத்தண்ணீர்க் குழாய்க்கு முன்பே கீசரும் வெந்நீர்க் குழாயும் அடைத்துக்கொள்கின்றன. கீசரை 60 டிகிரியில் வைத்தால் வீட்டுத் தேவைக்குப் போதும். பழைய இரும்புக் குழாய் இருக்கும் வீடுகளில் உப்போடு துருவும் சேர்ந்து குழாயின் உள்வாயையே குறுக்கிவிடுகிறது. அங்கே சுத்தம் செய்வதெல்லாம் தற்காலிகம்தான். குழாயை மாற்றும்போது வெந்நீருக்குச் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் போடுங்கள், சாதாரண பிவிசி சூட்டில் இளகிவிடும்.

இது கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியது. கீசரைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைத்து, உள்வரும் வால்வை மூடி, ஆறவிடுங்கள். தண்ணீர் சூடாகும்போது பாதுகாப்பு வால்வில் சொட்டுச் சொட்டாக விழுவது இயல்பு. சூடான தண்ணீர் விரிவதால் வருவது அது. ஒரு வீட்டில் அந்த வாயைக் கட்டையால் அடைத்திருந்தார்கள். அன்றே எடுக்க வைத்தோம். அழுத்தம் வெளியேற வழியில்லாவிட்டால் கீசர் வெடிக்கவும் கூடும்.

தொட்டி கழுவிய பிறகு கிளம்பும் வண்டல் நேராக கீசர் சல்லடைக்குப் போவதால், இனி கழுவும் நாளை முன்னதாகவே பலகையில் எழுதிப் போடுவோம். அன்று கீசர் வால்வை மூடி வையுங்கள். பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத் தெளிவாக வந்ததும் வால்வைத் திறக்கலாம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

செயலாளர்