முப்பரிமாண முகப்படம் குரோமோசோம் பரிசோதனை ஆகாது: ஸ்கேன் மைய மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மகப்பேறு மருத்துவர்களுக்கும் ஸ்கேன் மைய மருத்துவர்களுக்கும் வணக்கம்.

மரபணு ஆலோசனைக்கு வரும் கர்ப்பிணிகளின் கோப்புகளைப் பார்ப்பது என் அன்றாடப் பணி. அண்மைக்காலமாக அவற்றில் சிசுவின் முகம் பொன்னிறத்தில் துலங்கும் முப்பரிமாணப் படம் தவறாமல் இருக்கிறது; கருவின் பிடரித் தோலுக்கடியில் உள்ள நீரின் தடிமனை (என்.டி.) எந்தத் தளத்தில் அளந்தீர்கள் என்று காட்டும் கறுப்பு வெள்ளைப் படம்தான் பல கோப்புகளில் இல்லை. "த்ரீ-டி எடுத்தாச்சு, டவுன் சிண்ட்ரோம் எல்லாம் இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்று அவர்கள் நிம்மதியோடு சொல்லும்போது, அந்த நிம்மதிக்கு அடிப்படை இல்லை என்று எடுத்துரைக்கும் கடமை எங்கள்மேல் விழுகிறது.

முகத்தைப் பார்த்துக் குரோமோசோம்களை எண்ண முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததன்று. குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்கள் பலவற்றில், உறுப்புக் குறைகளைத் தேடும் ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேனில்கூடக் குறை எதுவும் தென்படுவதில்லை. 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை, கருவின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது எடுக்கும் என்.டி. அளவோடு தாயின் வயதையும் டபுள் மார்க்கர் இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக் கணக்கிட்டால், டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தை இனங்காணலாம். அதுவும் நோய் நிர்ணயம் அன்று, வாய்ப்பின் கணிப்பு மட்டுமே. அந்த அளவோ மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வரை நுணுக்கமானது: கருவின் தலை பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் அளவு கூடிவிடும், முன்னோக்கிக் குனிந்திருந்தால் குறைந்துவிடும், பனிக்குடச் சவ்வைத் தோல் என்று கொண்டால் முழுதும் பிழையாகிவிடும்.

முப்பரிமாணத் தொழில்நுட்பத்தை நான் குறை கூறவில்லை. கரு வசதியாகத் திரும்பாதபோது எடுத்து வைத்த முப்பரிமாணத் தரவிலிருந்து, என்.டி. அளக்கத் தேவையான நடுக்கோட்டுத் தளத்தை மீட்டெடுக்கவும், மூக்கெலும்பை ஆராயவும், உதட்டுப் பிளவைப் பெற்றோருக்கு விளக்கவும் அது உதவுகிறது. ஆயினும் முதலில் பிடித்த தளம் கோணலாக இருந்தால் மீட்டெடுத்த படமும் மங்கலாகவே இருக்கும். இருபரிமாணத்தில் கைதேர்ந்தவருக்கே அது பயன்படும்.

பொய்யான உறுதிமொழியால் பறிபோவது காலம். குரோமோசோம் குறையை உறுதிசெய்யும் நச்சுக்கொடித் திசுப் பரிசோதனையை 11ஆம் வாரம் முதலும், பனிக்குட நீர்ப் பரிசோதனையை 15ஆம் வாரத்திற்குப் பின்னும் செய்யலாம்; முடிவு வரவும் நாட்கள் பிடிக்கும். இந்தியக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 20 வாரம் கடந்த கருக்கலைப்புக்கு இரு மருத்துவர்களின் கருத்தும், 24 வாரம் கடந்தால் மருத்துவ வாரியத்தின் முடிவும் தேவை. குழந்தையைப் பெற்று வளர்க்கவே தீர்மானிக்கும் குடும்பத்திற்கும், பிறவி இதயக் குறை இருந்தால் அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையைத் தேடிக்கொள்ள அவகாசம் வேண்டும். எந்த முடிவாயினும் அது அவர்களுடையது. தெரிந்து எடுக்க வாய்ப்பளிப்பது நம் பொறுப்பு.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவே. முப்பரிமாணப் படத்தைக் கொடுக்கும்போது இது குரோமோசோம் பரிசோதனை அன்று என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். என்.டி. அளந்த படத்தை அளவுக்குறிகளோடு அறிக்கையில் சேருங்கள். '250-இல் ஒன்று' என்று முடிவு வந்தால், அதே நிலையிலுள்ள 250 பேரில் 249 பேரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இராது என்று தமிழில் விளக்கி, அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் கூறுங்கள். கருவின் பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் எஃப் படிவத்தில் கையொப்பம் வாங்கும் அதே மேசையிலேயே இதையும் சொல்லிவிட முடியும்.

இப்படிக்கு,
ஒரு மரபணு ஆலோசகர்