பொட்டல் ஊருக்கே! எல்லாருக்கும் நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும், காரைக்குடிப் பக்கத்துச் சொந்தபந்தங்களுக்கும், சென்னை, சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து போன் போட்டு விசாரித்துக்கொண்டே இருந்தவர்களுக்கும் வணக்கம்.

மந்தைப் பொட்டல் வழக்கின் தீர்ப்பு நகல் கைக்கு வந்துவிட்டது. அது மேய்ச்சல் புறம்போக்குதான். தனி ஆள் பெயரில் போட்ட பட்டா செல்லாது. நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஜமீன் காலத்துப் பத்திரம் என்று எதிர்த்தரப்பு ஒன்றை நீட்டியபோது வெலவெலத்துப் போனோம். வக்கீல் ஐயா அசரவில்லை. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவை எடுத்து வைத்தார். ஜமீனோடு சேர்த்து ஊர்ப் பொது நிலம், புறம்போக்கு எல்லாம் அன்றைக்கே அரசுக்குப் போய்விட்டதாம். அப்புறம் ஊர்ப் பொது நிலத்து ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் காட்டினார். பஞ்சாபில் ஒரு கிராமத்துக் குளத்துக்காக வந்த தீர்ப்பு அது. அந்த ஊர்க்காரர்களுக்கும் ஒரு கும்பிடு. எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் ‘அ’ பதிவேட்டு நகலுக்கு அலைந்த தம்பிகள், சாட்சி சொன்ன தாத்தாக்கள், தலைக்கட்டு வரி கொடுத்த வீடுகள், எல்லாருக்கும் நன்றி.

இனி அப்பத்தா விஷயம். பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். பட்டாக்காரர் வீட்டுக்கு நெருங்கிய சொந்தம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வாய்தா என்றால் விடியுமுன் பஸ் ஏறி, மதுரை மேலூர் ரோட்டில் ஐகோர்ட்டுக் கிளை வாசலில் இறங்க வேண்டும். திரும்பி வர இருட்டிவிடும். ஆடுகளை யார் பார்ப்பது? அப்பத்தா தொரட்டியோடு வந்து நின்றார். “கேசு உங்களுக்குள்ள. ஆடு என்னப்பா பண்ணுச்சு? அவுத்து விட்டுட்டுப் போ.”

என் வீட்டில் நம்பவில்லை. எண்ணி அனுப்பி, எண்ணித்தான் வாங்கினாள். அப்பத்தா கோபிக்கவே இல்லை. சாயங்காலம் வாசலில் நின்று அவரே, “எண்ணிக்கத்தா” என்பாராம். ஒரு வாய்தா அன்று காட்டிலேயே வெள்ளாடு ஒன்று குட்டி போட்டுவிட்டது. ஈரம் காயாத குட்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து பஞ்சாரத்தில் விட்டுப் போயிருக்கிறார். இதற்காக அவர் வீட்டில் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. அதுவும் வேறு ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காசு வாங்க மாட்டார். மேலூரில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்து கொடுத்தேன். பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை என் ஆட்டுக்கே போட்டார். எதற்காக இத்தனையும் செய்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். “உன் கிடாய் முட்டுது. அதை மட்டும் கட்டிப்போட்டுட்டுப் போயிருக்கலாம்” என்றார்.

தீர்ப்பு வந்த அன்று வெடி வாங்கப் போன பிள்ளைகளை நான்தான் தடுத்தேன். கோபம் இருந்தால் என்னிடம் காட்டுங்கள். தோற்ற வீட்டு ஆடுமாடும் அந்தப் பொட்டலில்தான் மேயப் போகிறது. யாரும் மறிக்கக் கூடாது, மறிக்க விடவும் மாட்டேன். தை மஞ்சுவிரட்டுக்கு அந்த வீட்டுக்கு வெற்றிலை பாக்கை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

சர்வேயர் கல் நட வரும் நாளைத் தண்டோரா போட்டுச் சொல்கிறோம். வழக்குச் செலவுக் கணக்கையும் அன்றைக்கே மந்தையில் வாசித்துவிடலாம். மிச்சப் பணத்தில் ஊருணி வரத்துக்காலைத் தூர்வாரலாம் என்பது என் யோசனை. வேறு யோசனை இருப்பவர்கள் அங்கே வந்து சொல்லுங்கள்.