வராமல் இருந்தவர்களுக்கு நன்றி

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் சிங்கப்பூர் ஈசூன் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

மே மாதத் தொடக்கத்தில் எங்கள் அப்பா காலமானார். மூப்புதான், கொவிட் இல்லை. (கேட்கத் தயங்குகிறவர்களுக்காக நாங்களே சொல்லிவிடுகிறோம்.) ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆனால் நான் எழுத உட்கார்ந்ததே வராமல் இருந்தவர்களுக்காகத்தான்.

நல்லதுக்குக் கூப்பிட்டால் போகலாம், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போய் நிற்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, தெரிந்தவர் வீட்டுச் சாவு எதையும் விட்டதில்லை. சாதாரணக் காலமாக இருந்தால் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம் கொள்ளாது. 2020 ஏப்ரல் 7இல் கொவிட் பரவலைத் தடுக்கும் 'சர்க்கிட் பிரேக்கர்' முடக்கம் தொடங்கியதிலிருந்து இறுதிச் சடங்கில் ஒரே நேரத்தில் 10 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. எங்கள் வீட்டு ஆட்களோடேயே அந்தக் கணக்கு முடிந்துவிடும். யாரை விடுவது என்று விழித்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா மகன்களே போன் செய்து, "எங்களைக் கணக்கில சேர்க்காதீங்க அக்கா" என்றார்கள். பெரியப்பா சாவுக்கு வராதவர்கள் என்று நாளைக்கு நாலு பேர் பேசுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஒருவர் மட்டும், பத்து பதினொன்றானால் குடியா முழுகிவிடும் என்று சண்டைக்கு வந்தார். கடைசியில் அவரும் வரவில்லை. அவருக்கு இரட்டை நன்றி.

கணவனை இழந்த அம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை மாமாதான் கொண்டுவர வேண்டும். அவர் மலேசியாவில், ஜோகூர் பாருவில் இருக்கிறார். மார்ச் 18 முதல் அங்கே நடமாட்டக் கட்டுப்பாடு, பாலத்தைத் தாண்ட வழியில்லை. இங்கே வாங்கலாம் என்றால் லிட்டில் இந்தியா தேக்காவில் துணிக்கடைகள் மூடியிருந்தன. மேல்மாடி அக்கா தன் மகள் கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த புதுச்சேலையை, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல், எங்கள் கதவுக் கம்பியில் பையோடு மாட்டிவிட்டு, லிஃப்ட் பக்கம் தள்ளி நின்று குரல் கொடுத்தார். கல்யாணச் சேலையைக் கோடிக்குக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? அது அம்மாவின் தோளில் விழுந்ததை மாமா வாட்ஸ்அப்பில் பார்த்தார். பாலம் திறந்ததும் அந்த அக்காவுக்குத் தன் கையால் ஒரு பட்டு எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

எதிர்வீட்டு மக்சிக்குக்கு (மலாய்க்கார அம்மா) அது நோன்பு மாதம். எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாள்களில் தினமும் சைவமாகச் சமைத்துக் கதவருகே வைத்தார். நாக்கில் வைத்துப் பார்க்காமலே உப்பு அவ்வளவு சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு சாப்பிட வரும் வெளிநாட்டு ஊழியர் தம்பிகள் தங்கள் விடுதியிலிருந்து குரல் பதிவு அனுப்பினார்கள். கேட்டு அம்மா உடைந்துபோனார். நாம் சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில் இருந்துகொண்டு விதியைக் கடைப்பிடிக்கிறோம். பல பேர் தங்கும் அறையை விட்டு வெளியே வர முடியாமல் அவர்கள் கடைப்பிடிப்பதும் நாம் செய்வதும் ஒன்றல்ல. பாராட்டும்போது இந்தத் தம்பிகளை முதலில் சொல்லுங்கள்.

வெப்பநிலை பார்த்து, தள்ளி நிற்கச் சொல்லி, அதையும் கடுகடுக்காமல் சொன்ன ஈமச்சடங்கு ஊழியர்களுக்கும் மண்டாய் தகனச்சாலை ஊழியர்களுக்கும் நன்றி.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கட்டுப்பாடு தளரும் ஜூன் 2க்குப் பிறகும் பெற்றோரையோ தாத்தா பாட்டியையோ பார்க்கப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் போகலாம், அதுவும் நாளுக்கு இருவர். அதனால் மற்றவர்கள் இன்னும் கொஞ்ச நாள் அம்மாவிடம் போனில் பேசுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் எடுப்பார். நாடகம் ஓடும் நேரத்தில் மட்டும் வேண்டாம், எடுக்க மாட்டார்.

குடும்பத்தார் சார்பில்,
மூத்த மகள்
மே 2020