விமர்சனம் வசைச்சொல் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் ஓர் இளம் எழுத்தாளரின் முதல் சிறுகதைத் தொகுப்பு வெளியீடு கண்டபோது, மேடையேறிய ஐவரில் மூவர், 'நான் விமர்சனம் செய்ய வரவில்லை, வாழ்த்த வந்தேன்' என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினர். மாலைக்கும் பொன்னாடைக்கும் குறைவில்லை. கூட்டம் கலைந்தபின் அந்தப் பெண் என்னிடம், 'மூன்றாவது கதையின் முடிவை நான்கு முறை மாற்றி எழுதினேன், ஐயா. அது சரியாக வந்திருக்கிறதா என்று யாராவது சொல்வார்கள் எனக் காத்திருந்தேன்' என்றார்.

'விமர்சனம்' என்ற சொல்லைக் கண்டு மேடை இப்படி அஞ்சுவதற்கு நம் செய்தித் தலைப்புகளும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். மலாய் ஏடுகள் கண்டிப்பதற்குக் 'கெச்சாம்', சாடுவதற்குப் 'பிடாஸ்', தவற்றைச் சுட்டுவதற்குத் 'தெகுர்', குறைநிறை ஆய்வதற்குக் 'கிரித்திக்' என்று வேறுபடுத்தி எழுத, தமிழுக்கு வரும்போது நான்கும் பெரும்பாலும் 'விமர்சித்தார்' என்பதிலேயே அடங்கிவிடுகின்றன. கண்டனம், சாடல், இடித்துரை என்று நம்மிடமும் சொற்கள் இருக்கின்றனவே!

விமர்சனம் என்ற வடசொல்லுக்கு ஆராய்தல், எண்ணிப் பார்த்தல் என்பதே பொருள். திறனாய்வு என்று தமிழில் ஆக்கிக்கொண்டபோதும் 'திறன்'தான் முன்னே நிற்கிறது, குற்றம் அன்று. நன்னூல் பாயிரம் நூலின் பத்துக் குற்றங்களைச் சொன்ன கையோடு பத்து அழகுகளையும் சொல்கிறது. 'கூறியது கூறல்' என்று குறை காணத் தெரிந்தவருக்குச் 'சுருங்கச் சொல்லல்' என்று மெச்சவும் தெரிந்திருக்க வேண்டும் என்று வகுப்பில் ஆண்டுதோறும் கற்பித்தவன் நான்.

குறையே சொல்லக்கூடாது என்பதன்று என் வாதம். அந்த மூன்றாவது கதையில், தாய் பேருந்து நிலையத்தில் தனித்து நிற்கும் இடத்திலேயே கதை முடிந்துவிட்டது, அதன்பின் வரும் ஒன்றரைப் பக்கம் மிகை என்று அவரிடம் சொன்னேன். அவர் வருந்தவில்லை, பேனாவை எடுத்து, தம் பிரதியின் ஓரத்தில் அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்துக்கொண்டார்.

எனவே, ஒருவர் இன்னொருவரைத் தாக்கிப் பேசிய செய்திக்குக் 'கண்டனம்', 'சாடல்' என்றே தலைப்பிடுமாறும், ஞாயிறு பதிப்பில் உள்நாட்டு நூல்களுக்கு அரைப் பக்கமேனும் ஒதுக்கி, அதற்கு 'விமர்சனம்' என்றே பெயர் சூட்டுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
செந்தூல், கோலாலம்பூர்.