உப்பளப் படத்தின் முதல் பிரதியைப் பார்த்துத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி நாங்கள் எடுத்துவந்த ஆவணப்படத்தின் தொகுப்பு வேலை நிறைவடைந்துவிட்டது. படம் திரையிடப்படும்போது இறுதியில் ஓடும் பட்டியலில் உங்கள் பெயர்கள் இருக்கும். ஆனால் அந்தப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் விளக்கைப் போட்டுவிட்டு எழுந்துகொள்வது நம் திரையிடல்களின் வழக்கம் என்பதாலும், ‘சிறப்பு நன்றி’ என்ற இரண்டு சொற்களில் நீங்கள் செய்தது அடங்காது என்பதாலும், இதைப் பொதுவில் எழுதுகிறோம். உங்களில் சிலர் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், எல்லோரையும் அவரவர் செய்த பணியைச் சொல்லியே இங்கு நினைவுகூர்கிறோம்.

ஒரு படக்குழு முள்ளக்காட்டிலும் ஆறுமுகநேரியிலும் வேப்பலோடையிலும் மாதக்கணக்கில் பழகிவிட்ட பிறகு, திரையில் வரும் ஒவ்வொரு பெண்மணியும் அதற்கு அக்காவாகவோ அத்தையாகவோ ஆகிவிடுகிறார். அவருடைய கடன் எவ்வளவு, மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள், எந்த முழங்கால் வலிக்கிறது என்பதெல்லாம் தெரிந்த நிலையில் தொகுப்பு மேசையில் உட்காரும்போது, தலையில் துண்டு கட்டிய ஒரு முகம் திரையில் மூன்று விநாடி தோன்றினாலே எங்களுக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. முதன்முறையாகப் பார்ப்பவருக்கோ அது பெயர் தெரியாத ஒரு முகம் மட்டுமே. அந்த இடைவெளியைக் குழுவுக்குள் இருந்துகொண்டு யாராலும் அளக்க முடியாது. அதற்காகத்தான் ரஃப் கட் நிலையிலேயே, அதாவது முதல்கட்டத் தொகுப்பு முடிந்த நிலையிலேயே, படத்தை வெளியாரிடம் கொடுத்தோம். உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அப்போது காட்டவில்லை. அவர்கள் நம்மைப் பார்த்தபடி படத்தைப் பார்ப்பவர்கள்.

முதல் நன்றி திருவனந்தபுரத்தைச் சேர்ந்த படத்தொகுப்பாளருக்கு. கேரள மாநிலச் சலச்சித்திர அகாடமி நடத்தும் ஆவணப்பட விழாவில் சில நிமிடங்கள் பேசிய அறிமுகத்தை மட்டுமே வைத்துக்கொண்டு, ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடிய பிரதியை அவர் இருமுறை பார்த்தார்: முதல்முறை சப்டைட்டில் இல்லாமலும், மறுமுறை சப்டைட்டிலோடும். தமிழ் ஓரளவே புரியும் ஒருவர் முதல் பார்வையில் எந்தெந்த இடத்தில் கவனம் சிதறினார் என்பதை நிமிடமும் விநாடியும் குறித்து அனுப்பியிருந்தார். பாராட்டு அந்தக் குறிப்புகளில் அநேகமாக இல்லை. அதற்காகவும் நன்றி.

எங்கள் படம் அப்போது 1930 ஏப்ரலில் தொடங்கியது. திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் வரை ராஜாஜி தலைமையில் நடந்த உப்புச் சத்தியாகிரக யாத்திரை, பழைய புகைப்படங்கள், கம்பீரமான பின்னணிக் குரல், அதன் பிறகுதான் இன்றைய தூத்துக்குடி. அந்த யாத்திரைக்கும் இன்று பாத்தியில் நிற்கும் பெண்ணுக்கும் என்ன தொடர்பு என்று அவர் கேட்டிருந்தார். அன்று போராடியது வரிக்கும் சட்டத்துக்கும் எதிராக. இன்று இவர்கள் கேட்பது கூலியையும், மழை மாதங்களில் அடுப்பெரிய ஒரு வழியையும். நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு என்ற பெருமையும் வரலாற்றுப் பெருமையும் சேர்ந்து தொழிலாளியைப் பதினாறு நிமிடம் காத்திருக்க வைத்துவிட்டன என்று அவர் எழுதியிருந்தார். அந்தப் பகுதி முழுவதும் இப்போது இல்லை. படம் பருவத் தொடக்கத்தில், மழைநீர் வடிந்த பாத்திகளை ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தும் காட்சியோடு தொடங்குகிறது. நாங்கள் இருபது விநாடிக்குச் சுருக்கியிருந்த அந்தக் காட்சியைப் பார்ப்பவரின் காலும் வலிக்கும் வரை விடுங்கள் என்று சொன்னவரும் அவரே.

டிரோன் காட்சிகளைப் பற்றி அவர் சொன்னது, மனிதத் துயரத்தைப் படமெடுக்கும் எவருக்கும் பயன்படும் என்பதால் சற்று விரித்து எழுதுகிறோம். உப்பளம் வானிலிருந்து மிக அழகானது. நீரின் அடர்த்தி கூடக்கூடப் பாத்திகள் வெவ்வேறு நிறம் கொள்கின்றன; வெள்ளை அம்பாரங்கள் கட்டம் கட்டமாக நிற்கின்றன; நடுவே மனிதர்கள் புள்ளிகளாக நகர்கிறார்கள். அந்த உயரத்திலிருந்து பார்க்கும் கண் யாருடையது என்பது அவர் கேள்வி. நிலத்தை அளப்பவர் அப்படிப் பார்க்கலாம், உரிமையாளர் பார்க்கலாம். அங்கே வேலை செய்பவர் ஒருநாளும் அப்படிப் பார்ப்பதில்லை. அதன் மறுமுனையில், வெடித்த பாதங்கள், கொப்புளம் கண்ட உள்ளங்கைகள் ஆகியவற்றின் குளோஸ் அப்கள் எத்தனை முறை வருகின்றன என்று அவர் எண்ணி எழுதியிருந்தார். அந்தப் பாதங்களுக்கு உரியவர்கள் படத்தின் முதல் பாதியில் ஒரு முழு வாக்கியம்கூடப் பேசவில்லை என்பதையும் அடுத்த வரியிலேயே சேர்த்திருந்தார். வானத்திலிருந்து புள்ளி, அருகில் காயம், இரண்டுக்கும் இடையில் ஆள் எங்கே என்பதுதான் அந்தக் குறிப்பின் சாரம். இப்போது டிரோன் காட்சி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது; கிணற்று நீர் எந்தப் பாத்தியிலிருந்து எந்தப் பாத்திக்குப் போகிறது என்று தொழிலாளி ஒருவர் விளக்கும் குரலோடு அது வருகிறது.

அந்தக் குரல் படத்துக்குள் வந்ததற்குத் தூத்துக்குடியைச் சேர்ந்த உப்பளத் தொழிற்சங்கத்தின் மூத்த தோழருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். எங்கள் பிரதியைப் பார்த்து முடித்ததும் அவர் கேட்டது, இவர்களுக்கு வேலை தெரியும் என்பது இந்தப் படத்தில் எங்கே இருக்கிறது என்பதே. நிலத்தடி உவர்நீரை இறைத்து, பாத்தி பாத்தியாக மாற்றி, போமே அளவுகோலில் ஏறத்தாழ 25 டிகிரி அடர்த்தி வந்தபின் உப்பு விளையவிட்டு, அடர்த்தி அதற்கு மேலும் ஏறிக் கசப்பு நீராகும் முன் வடித்துவிட வேண்டும் என்பது, கருவியில்லாமல் நிறத்தையும் நாக்கையும் கொண்டே அவர்களில் பலருக்குத் தெரிந்த கணக்கு. இதையெல்லாம் பேசிய பேட்டிகள் எங்கள் ஹார்டு டிஸ்கில் இருந்தன; அவற்றைத் தொழில்நுட்ப விவரம் என்று ஒதுக்கி, அழுத பேட்டிகளைத் தேர்ந்தெடுத்திருந்தோம். தோழர் சொன்ன பிறகு தொகுப்பின் போக்கே மாறியது. உழைப்பைத் தெரிந்தவராக ஒருவரைப் பார்த்த பிறகு, அவர் கூலியைப் பற்றிப் பேசும்போது பார்வையாளர் காது கொடுக்கும் விதமே வேறு என்பதைப் பின்னர் நடந்த திரையிடல்களில் கண்டோம்.

குஜராத்தின் கட்ச் சிறிய ரண் பகுதியில் உப்பு விளைவிக்கும் அகாரியா மக்களிடையே நெடுங்காலம் பணியாற்றிய ஆய்வாளர் ஒருவர், எங்கள் பின்னணி உரையிலிருந்த ஒரே ஒரு வரிக்காக நீண்ட மின்னஞ்சல் எழுதினார். உப்பளத்தில் உழைத்தவரின் பாதம் சிதையிலும் எரியாது என்ற வரி அது. அகாரியா மக்களைப் பற்றிய கட்டுரைகளிலும் படங்களிலும் அது திரும்பத் திரும்ப வருகிறது என்றும், தூத்துக்குடியில் உங்களிடம் அதை யார் சொன்னார்கள் என்றும் கேட்டார். எங்கள் பதிவுகளில் யாரும் சொல்லியிருக்கவில்லை. நாங்கள் எங்கோ படித்தது. ஓர் ஊரின் துயரத்தை இன்னோர் ஊருக்குக் கடன் கொடுக்காதீர்கள் என்று அவர் எழுதியிருந்ததை ஏற்று அந்த வரியை எடுத்துவிட்டோம். கேட்ட மாத்திரத்தில் கண்ணீர் வரவைக்கும் வரிகளின்மேல் எங்களுக்கு இப்போது ஒரு சந்தேகம் வந்திருக்கிறது, அது நல்லதுதான்.

திருநெல்வேலியைச் சேர்ந்த கண் மருத்துவர் தம் பங்குக்கு ஒரு வாக்கியத்தைத் திருத்தினார். உப்பின் வெண்மையில் பட்டுத் திரும்பும் வெயிலால் இவர்களின் பார்வை போகிறது என்று பொதுவாக எழுதியிருந்ததை, கண்ணில் சதை வளர்வதற்கு நெடுநாள் புற ஊதாக் கதிர் படுவது ஒரு காரணமாக அறியப்பட்டிருக்கிறது என்ற அளவில் நிறுத்தச் சொன்னார். கண்புரைக்கு வயது உட்படப் பல காரணங்கள் இருப்பதால், ஒரே காரணத்தை அறுதியிட்டுச் சொன்னால் நாளை யாரேனும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு படத்தையே தள்ளிவிட முடியும் என்றார். வெள்ளை உப்புக்கு முன்னால் முகங்கள் இருண்டு கிடந்த காட்சிகளில், உப்பு வெளிறிப் போனாலும் போகட்டும், முகம் தெரியட்டும் என்று முடிவெடுத்த வண்ணச் சீரமைப்பாளருக்கும், சோக வயலினை நீக்கிவிட்டுப் பலகை உப்பை வாரும் ஓசையை முன்னுக்குக் கொண்டுவந்த ஒலி வடிவமைப்பாளருக்கும் நன்றி.

இனி, படத்தில் வருபவர்களுக்கு. படமெடுக்கப்பட்டவர்களிடமே படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்பது புதிய வழக்கமல்ல. 1960இல் பாரிஸ் மக்களைப் படமெடுத்த பிரெஞ்சு இயக்குநர் ழான் ரூஷும் சமூகவியலாளர் எட்கர் மொரேனும், அதில் வந்தவர்களைக் கூட்டிப் போட்டுக் காட்டி, அவர்கள் செய்த விவாதத்தையும் படத்திலேயே சேர்த்தார்கள். இருந்தும், திருத்தத்துக்கு இடமே இல்லாத நிலையில் மரியாதைக்காக நடத்தப்படும் திரையிடல்களே நம்மிடம் அதிகம். நாங்கள் மாற்றுவதற்கு இன்னும் நேரம் இருந்தபோதே, வேலை முடிந்த ஒரு மாலையில், தெருவில் துணி கட்டிக் காட்டினோம். நாங்கள் மிகவும் உருக்கமானது என்று நினைத்திருந்த இடத்தில் பெண்கள் சிரித்தார்கள். அந்தக் காட்சியில் பேசுபவர் ஊரறிந்த கேலிக்காரர் என்பதும், அவர் சொன்னதில் பாதி நையாண்டி என்பதும் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. மாசிக் கொடையும் சீட்டுப் பணமும் ஏன் ஓரிடத்திலும் வரவில்லை என்று கேட்டார்கள். இரண்டும் இப்போது இருக்கின்றன.

மழைக்காலத்துக்கு வாங்கும் முன்பணத்தைப் பற்றி மனம்திறந்து பேசிய ஓர் அம்மா, கூட்டம் கலைந்த பிறகு தனியாக வந்து, அதே இடத்தில் நாளையும் வேலைக்குப் போக வேண்டியிருப்பதால் தம் முகம் அந்தப் பகுதியில் வேண்டாம் என்றார். படத்தின் மிக வலுவான பேட்டி அதுவே. அதை எடுத்துவிட்டோம். அதற்கு ஈடாக, அக்டோபர் முதல் டிசம்பர் வரை உற்பத்தி நின்றுபோகும் காலத்துக்கு மாநில அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் எத்தனை நாள் தாங்குகிறது என்று பெண்கள் பலர் சேர்ந்து கணக்குப் போடும் காட்சியைப் புதிதாக எடுத்தோம். அதற்கு ஒப்புக்கொண்டு உட்கார்ந்த அத்தனை பேருக்கும், வேண்டாம் என்று சொல்ல வந்த அந்த அம்மாவுக்கும் எங்கள் நன்றி. ஒருமுறை கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் எந்நாளும் செல்லும் என்று வாதிடுவோர் எங்கள் துறையில் உண்டு; எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை.

எல்லா ஆலோசனைகளையும் நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். உப்பு அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் இருப்பதையும், உப்பு ஆணையர் அலுவலகத்தின் தலைமையிடம் ஜெய்ப்பூரில் இருப்பதையும், உப்பளக் கூலியை மாநில அரசு நிர்ணயிப்பதையும் சொல்லும் பகுதி வறட்சியாக இருக்கிறது என்று உங்களில் மூவர் எழுதினீர்கள். வறட்சிதான். ஆனால் தங்கள் கோரிக்கையோடு எந்தக் கதவைத் தட்டுவது என்ற குழப்பம் அந்த மக்களின் வாழ்வில் ஒரு பகுதி என்பதால், சுருக்கினோமே தவிர நீக்கவில்லை. தொலைக்காட்சிக்கு ஏற்ப ஒரு மணி நேரத்துக்குள் அடக்கும் யோசனையையும் தவிர்த்துவிட்டோம். படம் இப்போது அதற்குச் சற்றே கூடுதலாக ஓடுகிறது.

இறுதிப் பிரதி ஒன்று தொழிற்சங்க அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. தெருவிலோ சமுதாயக் கூடத்திலோ திரையிட யாரும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பார்த்துக் கருத்துச் சொன்னவர்களில் ஒருவர்கூடக் கட்டணம் வாங்கவில்லை. அந்தக் கணக்கைப் பணத்தால் தீர்க்க நீங்கள் விடமாட்டீர்கள் என்பதால், உங்கள் படங்களின் ரஃப் கட்டை எங்களுக்கு அனுப்புங்கள். நிமிடமும் விநாடியும் குறித்து, ஒளிவுமறைவின்றி எழுதித் தருகிறோம்.

நன்றியுடன்,
படக்குழுவினர்
தூத்துக்குடி